உஷார்! பிரஸ்ஸல்ஸில் அண்ணாந்து பார்க்கும் முன் பையைப் பாருங்கள்

ஐரோப்பா டூருக்குப் பணம் கட்டிவிட்டு, புது சூட்கேஸ் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பயணத் திட்டத்தில் பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நடுவே 'பிரஸ்ஸல்ஸ்: அட்டோமியம், கிராண்ட் பிளாஸ், மானகென் பிஸ்' என்று ஒற்றை வரி இருக்கும், பாருங்கள். அந்த ஒற்றை வரிக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பார்வைக்குப் பரம சாதுவான ஊர். சாக்லேட் வாசனை, மணியடித்துக்கொண்டு போகும் டிராம், யாரும் யாரையும் முறைப்பதில்லை. நாங்கள் மூன்று பேர் போனோம்: அக்கா, அத்தான், நான். மூன்று பேரும் பத்திரமாகத் திரும்பி வந்தோம். ஒரு பை மட்டும் வரவில்லை. எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தன.

அந்த ஊரில் பார்க்க வேண்டியதெல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது. அட்டோமியத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் நகர மண்டபத்தின் 96 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். ரயில் நிலையத்தில் இரண்டு மொழிகளில் மாறி மாறி ஓடும் அறிவிப்புப் பலகையையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். மனிதன் அண்ணாந்தால் அவன் கையும் பையும் அவனுடையதாக இருப்பதில்லை. அங்கே இதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் உலாவுகிறது.

முதலில் அந்த அட்டோமியம். 1958-ல் பிரஸ்ஸல்ஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அணு என்றாலே குண்டு என்று உலகம் நடுங்கிக்கொண்டிருந்த காலம். இல்லை, அணுவில்தான் நாளைய வாழ்வு இருக்கிறது என்று காட்ட ஆசைப்பட்டார்கள். ஆந்த்ரே வாட்டர்கெய்ன் என்ற பொறியாளர் இரும்புப் படிகத்தின் ஓர் அலகை எடுத்து 16,500 கோடி மடங்கு பெரிதாக்கி வரைந்தார். போலாக் சகோதரர்கள் இருவர் கட்டடக் கலைஞர்களாகக் கூடச் சேர்ந்தார்கள். கனசதுரத்தின் எட்டு மூலைக்கு எட்டு, நடுவில் ஒன்று, ஆக 9 உருண்டைகள். ஒவ்வொன்றும் 18 மீட்டர் குறுக்களவு. அந்தக் கனசதுரத்தைத் தரையில் படுக்க வைக்காமல் ஒரு மூலையில் நட்டு நிறுத்திவிட்டார்கள். மொத்த உயரம் 102 மீட்டர். ஆறு மாதப் பொருட்காட்சி முடிந்ததும் பிரித்துவிடுவதாகத்தான் எண்ணம். ஊருக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. மங்கிப்போன பழைய அலுமினியத் தகடுகளைக் கழற்றிவிட்டு, 2006-ல் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளோடு மறுபடி திறந்தார்கள். இன்று வெயில் பட்டால் கண் கூசும்.

பிரமாதமான சாமான்தான், மறுக்கவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் நாளைக்குக் கட்டப்போகிற கட்டடம் மாதிரியே நிற்கிறது. ஆனால் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். நாளைய உலகத்தைக் காட்டுகிறோம் என்று சொன்ன அதே பொருட்காட்சியில், காங்கோவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்து மூங்கில் வேலிக்குள் 'கிராமம்' போட்டு உட்கார வைத்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் வாழைப்பழம் வீசினார்கள். பொறுக்க முடியாமல் காங்கோக்காரர்கள் பாதியிலேயே கிளம்பிப் போனார்கள். இரண்டே வருடத்தில், 1960-ல், காங்கோ சுதந்திரம் பெற்றது. உருண்டைகளை அண்ணாந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். பேக்கேஜில் போகிறவர்கள் பயணத் திட்டத்தின் எழுத்தைக் கூர்ந்து படியுங்கள். 'அட்டோமியம் காண்போம்' என்று போட்டிருந்தால் உள்ளே போகலாம் என்று பொருள் இல்லை. 'ஃபோட்டோ ஸ்டாப்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். பேருந்து நிற்கும், இருபது நிமிடம் கொடுப்பார்கள், அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஏறிவிட வேண்டும். உள்ளே போகும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது விமானம் ஏறும்போதே காற்றோடு போய்விடும்.

தனியாகப் போகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை. உச்சி உருண்டைக்குப் போகும் லிஃப்ட் ஒன்றே ஒன்று. 1958-ல் ஐரோப்பாவிலேயே வேகமான லிஃப்ட் அது. 22 பேரை 23 விநாடியில் மேலே சேர்க்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். வேகம் பெரிதுதான், ஆள் எண்ணிக்கை சிறிது. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாள்களில் 22 பேர் 22 பேராக நகரும் வரிசையில் நின்று பார்த்தால்தான் தெரியும். காலை 10 மணிக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். டிக்கெட்டை அட்டோமியத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் வேறு தளங்களில் பல, அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பவை.

வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். உச்சிக்கு லிஃப்ட் இருக்கிறது, பிரச்சினை இல்லை. மற்ற உருண்டைகளுக்குக் குழாய்க்குள் ஓடும் எஸ்கலேட்டரும் படிக்கட்டும்தான். முட்டிவலிக்காரர்களுக்குப் பாதி வழியில் உட்கார நாற்காலி தேட வேண்டியிருக்கும். 'ஒன்பது உருண்டையும் சுற்றிக் காட்டுகிறோம்' என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். மேல்பக்கம் அந்தரத்தில் தொங்கும் மூன்று உருண்டைகளுக்கு நேர்க்கீழே தாங்குதூண் கிடையாது. பாதுகாப்புக் கருதி அங்கே பொதுமக்களை விடுவதே இல்லை.

இன்னொரு வாட்ஸ்அப் பூச்சாண்டியையும் இங்கேயே ஓட்டிவிடுகிறேன். 'அட்டோமியத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் அபராதம்' என்று ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. கட்டடத்தின் வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டுக் கெடுபிடி செய்த காலம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 2016-ல் பெல்ஜியம் சட்டத்தை மாற்றி, பொது இடத்தில் நிற்கும் கட்டடங்களைப் படமெடுத்துப் போட வழிவிட்டுவிட்டது. தாராளமாக எடுங்கள். எடுக்கும்போது பை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அட்டோமியம் நகரின் வட ஓரத்தில், ஹேய்செல் என்ற மேட்டில் இருக்கிறது. மெட்ரோ 6-வது தடத்தில் ஹேய்செல் நிறுத்தம். பக்கத்திலேயே பெரிய கால்பந்து மைதானமும் பொருட்காட்சி அரங்குகளும் உள்ளன. 1985 மே 29 அன்று ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் தொடங்கும் முன் ஏற்பட்ட நெரிசலில் 39 பேர் இறந்தது இந்த மைதானத்தில்தான். பிறகு அதைத் திருத்திக் கட்டிப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். இன்றும் ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருந்தால் அந்த மெட்ரோவில் மூச்சு முட்டும். நீங்கள் போகும் நாளில் அங்கே என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஜேப்படிக்காரர்கள் கட்டாயம் பார்த்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது, ஊருக்குள் வந்து சேருவதற்கு முன்பே விழக்கூடிய குழி.

மலிவு விலை விமானத்தில் 'பிரஸ்ஸல்ஸ்' என்று பார்த்து டிக்கெட் போடுகிறீர்கள். இறங்குகிற இடம் பிரஸ்ஸல்ஸ்தானா? அந்த ஊர்ப் பெயரில் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று நகரை ஒட்டிய சாவென்டெம். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் வரும். மற்றொன்றின் பெயர் 'பிரஸ்ஸல்ஸ் சவுத் ஷார்லெர்வா'. அது ஷார்லெர்வா என்ற வேறோர் ஊரில், சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கே ரயில் நிலையம் கிடையாது. பஸ் பிடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் வர வேண்டும். நள்ளிரவில் இறங்கினால் என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கூத்து இதோடு முடியவில்லை. நகருக்குள்ளேயே 'பிரஸ்ஸல்ஸ் சவுத்' என்று ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. ஆக, சவுத் விமான நிலையம் வேறு ஊர், சவுத் ரயில் நிலையம் இந்த ஊர். அந்த ரயில் நிலையத்தின் பலகையில் சவுத் என்றுகூட எழுதியிருக்காது. பிரெஞ்சில் 'மிடி', டச்சில் 'ஸாய்ட்'. பிரெஞ்சில் மிடி என்றால் நண்பகல். ஐரோப்பாவில் நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான் விழும், அதனால் தெற்குக்கே அந்தப் பெயர். உச்சிவெயில் உச்சந்தலையில் இறங்கும் ஊரிலிருந்து போகிற நமக்கு இது எப்படித் தோன்றும்? அத்தான் கேட்டார்: "ஏம்பா, மிடின்னா நடு இல்லையா? அப்ப சென்ட்ரல்னா என்ன?" சென்ட்ரல் அடுத்த பெரிய ஸ்டேஷன். கிராண்ட் பிளாஸுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பது அந்தச் சென்ட்ரல்தான்.

நாடு முழுக்க இந்த இரட்டைப் பெயர் விளையாட்டு உண்டு. பிரஸ்ஸல்ஸில் இரு மொழியிலும் பலகை இருக்கும். ரயில் டச்சு பேசும் வட்டாரத்துக்குள் நுழைந்ததும் டச்சு மட்டும், பிரெஞ்சு வட்டாரத்துக்குள் போனால் பிரெஞ்சு மட்டும். மோன்ஸ் ஊர் டச்சில் பெர்கன். லியெஜ் டச்சில் லூய்க். பிரான்ஸில் இருக்கும் லில் நகரம் டச்சுப் பலகையில் ரைசல். லூவென் என்ற பழைய பல்கலைக்கழக ஊருக்குப் பிரெஞ்சில் லூவேன் என்று பெயர். ஆனால் 'லூவேன்-லா-நேவ்' என்பது முற்றிலும் வேறோர் ஊர். போக வேண்டிய ஊரின் இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாள் பையோடு போய்விட்டது, அது வேறு விஷயம்.

இனி அந்த மிடி நிலையம். லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டாரும், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் அதிவேக ரயில்களும் வந்து நிற்பது இங்கேதான். லண்டன் தமிழர்கள் வார இறுதிக்கு வந்து இறங்குவதும் இங்கேதான். பெட்டியும் பையுமாக, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பலகையை அண்ணாந்து பார்க்கும் ஆயிரக்கணக்கானவர்கள். கள்ளனுக்கு இதைவிட நல்ல வயல் எங்கே கிடைக்கும்?

எங்களுக்கு நடந்தது இப்படி. மூன்றாம் நாள் காலை, ப்ரூஜ் நகருக்குப் போக மிடியில் ரயில் ஏறி உட்கார்ந்தோம். கிளம்ப இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா ஜன்னல் ஓரம், கைப்பை பக்கத்து இருக்கையில். பிளாட்பாரத்தில் நின்ற ஓர் ஆள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். தலையெல்லாம் நரை, கண்ணியமான கோட்டு. எதையோ கேட்கிறான், விரலால் தரையைக் காட்டுகிறான், தொப்பியைக் கழற்றிக் கும்பிடாத குறை. நாங்கள் கீழே எதையோ தவறவிட்டோமோ என்று அக்கா எட்டிப் பார்த்தாள். அத்தான் எட்டிப் பார்த்தார். நானும்தான். அவன் சிரித்துவிட்டு நகர்ந்தான். கதவு மூடியது. திரும்பினால் இருக்கை காலி. பெட்டிக்குள் இன்னொருவன் வந்து போயிருக்கிறான். அவன் முகத்தை எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஜன்னலைத் தட்டுவது அங்கே பழைய வித்தை. இன்னும் சில இருக்கின்றன, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோளில் ஏதாவது திரவத்தைத் தெளித்துவிட்டு 'அடடா' என்று ஓடிவந்து துடைப்பார்கள். சில்லறையைக் கொட்டிவிட்டுப் பொறுக்கச் சொல்வார்கள். காது கேளாதோருக்காக என்று சொல்லி அட்டையில் கையெழுத்துக் கேட்பார்கள். அட்டைக்கு அடியில் ஒரு கை வேலை செய்யும். இரவில் மதுக்கடைத் தெருவில் ஒருவன் 'கால்பந்து ஆடத் தெரியுமா' என்று காலோடு கால் பின்னி விளையாடுவான். விளையாடி முடிந்ததும் பர்ஸ் இருக்காது. எல்லாவற்றிலும் மோசமானது போலிப் போலீஸ். சாதாரண உடையில் வந்து, அடையாள அட்டை மாதிரி ஒன்றை மின்னல் போலக் காட்டி, 'கள்ளநோட்டுச் சோதனை, பர்ஸைக் கொடுங்கள்' என்பான். நிஜப் போலீஸ் உங்கள் பணத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஸ்டேஷனுக்குப் போகலாம் வாருங்கள்' என்று சொல்லுங்கள், அல்லது 101-ஐ அழுத்துங்கள். ஆள் மாயமாகிவிடுவான். அவசரம் எதுவானாலும் 112.

பாஸ்போர்ட் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். பாஸ்போர்ட்டோடு அதில் ஒட்டியிருந்த ஷெங்கன் விசாவும் போய்விடுகிறது. முதலில் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். பிறகு இந்தியத் தூதரகம். அங்கே அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை, இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே பயணம் செய்யலாம். ஆம்ஸ்டர்டாம் இல்லை, ரைன் நதிப் படகு இல்லை, முன்பணம் கட்டிய ஓட்டல்களும் இல்லை. மூன்று பாஸ்போர்ட்டும் ஏன் ஒரே பையில் இருந்தன என்று கேட்பீர்கள். "ஒரே இடத்துல இருந்தா தேட வேண்டாம்ல" என்பது அக்காவின் கொள்கை. அவள் சொன்னது சரிதான். தேடவே வேண்டியிருக்கவில்லை.

ஆளுக்கொரு பாஸ்போர்ட்டை அவரவர் சட்டைக்குள், இடுப்போடு ஒட்டிய பையில் வையுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டின் படத்தையும் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போலீஸில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அட்டை விவகாரம். பிரஸ்ஸல்ஸ் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் வங்கி அட்டையைக் கருவியில் காட்டினாலே போதும். வசதிதான். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள். குடும்பத்துக்கே ஓர் அட்டையைக் காட்டிவிட்டு மூன்று பேர் ஏறினால், இருவர் ஓசிப் பயணிகள். வண்டி மாறும்போதெல்லாம் மறுபடி காட்ட வேண்டும். பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் நூறு யூரோவைத் தாண்டும். 'நான் சுற்றுலாப் பயணி' என்பது அங்கே சாக்கு ஆகாது. இந்திய அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் கிளம்புவதற்கு முன்பே வங்கிச் செயலியில் இயக்கிவிடுங்கள். மெட்ரோ வாசலில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருக்காதீர்கள்.

தெருவைக் கடக்கும்போது உயிர் ஆபத்து. மிகைப்படுத்தவில்லை. நாம் வண்டி வருகிறதா என்று முதலில் வலப்பக்கம் பார்த்துப் பழகியவர்கள். அங்கே வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். கார் நிற்கும், வரிக்குதிரைக் கோட்டில் கால் வைத்தால் மரியாதையாக நிற்கும். டிராம் நிற்காது. பெல்ஜியத்தில் வரிக்குதிரைக் கோட்டிலும் டிராமுக்குத்தான் முன்னுரிமை, நடப்பவருக்கு இல்லை. படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து தண்டவாளத்தில் போய் நிற்பவர்கள் நான்கு பேரை ஒரே நாளில் பார்த்தேன். அதில் ஒருவர் எங்கள் அத்தான்.

கிராண்ட் பிளாஸுக்கு வருவோம். 1695-ல் பிரெஞ்சுப் படை பீரங்கியால் அடித்து நொறுக்கிய சதுக்கம். நகர மண்டபத்தின் கோபுரம் தப்பியது. வணிகச் சங்கங்கள் சில வருடங்களிலேயே சுற்றிலும் தங்கப் பூச்சு மின்னும் வீடுகளை எழுப்பிவிட்டன. 1998-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே நின்றால் கழுத்து தானாக மேலே போகும். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு போகட்டும்.

சதுக்கத்தை ஒட்டிய சந்துகளில், குறிப்பாகக் கசாப்புக்காரர் தெரு என்று பெயர் கொண்ட சந்தில், ஐஸ் மேல் மீனும் சிங்கி இறாலும் அடுக்கிவைத்து, வாசலில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைப்பார்கள். பலகையில் மலிவான விலை. உட்கார்ந்த பிறகு 'அந்தச் சாப்பாடு தீர்ந்துவிட்டது, இது இன்றைய சிறப்பு' என்று விலை போடாத ஒன்றைச் சொல்வார்கள். விலை எழுதிய பட்டியலைக் கையில் வாங்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள். தண்ணீர் இலவசம் என்று நினைத்துக் கேட்டால் பாட்டில் வரும். பில்லில் அது ஒரு பியர் விலைக்கு நிற்கும். 'வாஃபிள் 1 யூரோ' என்று கொட்டை எழுத்தில் போட்ட கடையில் அந்த ஒரு யூரோ வெறும் வாஃபிளுக்குத்தான். ஸ்ட்ராபெர்ரி, கிரீம், சாக்லேட் என்று விரல் நீட்ட நீட்ட விலையும் நீளும்.

சைவர்களே, உஷார்! இதை எந்த டூர் வழிகாட்டியும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெல்ஜியத்தின் பெருமையே உருளைக்கிழங்கு ஃப்ரைஸ். உருளைக்கிழங்குதானே, உப்புதானே என்று பசி வேகத்தில் வாங்கிவிடுவோம். பாரம்பரியமாக அதை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். இரண்டு முறை பொரிப்பார்கள், அந்தக் கொழுப்பில்தான் ருசியே என்பார்கள். அவர்கள் ஊர், அவர்கள் ருசி. குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மாட்டுக் கொழுப்பை விலக்குகிறவர்கள் வாங்கும் முன் 'தாவர எண்ணெயா' என்று கேட்டே ஆக வேண்டும். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. இரண்டு நாள் மூன்று வேளையும் ஃப்ரைஸே கதி என்று சாப்பிட்ட அக்காவிடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவள் கண்ணில் படாமல் இருக்கட்டும். ஆசையாய் ஊருக்கு வாங்கிப்போகும் சாக்லேட்டிலும் சிலவற்றுக்குள்ளே மதுச்சாறு ஊற்றியிருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் பெட்டியைப் படியுங்கள்.

மானகென் பிஸ் பற்றி ஒன்றே ஒன்று. மூத்திரம் பெய்யும் அந்தச் சிறுவன் சிலையைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா?' என்று கேட்காதவர் இல்லை. உயரம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும். தெருமுனையில் நிற்பது நகல். 17-ம் நூற்றாண்டின் அசல் சிலை கிராண்ட் பிளாஸில் இருக்கும் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பாவம், 1965-ல் அதையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அவனையே விட்டுவைக்காத ஊர். அவனுக்கு இலவசம், நமக்குக் கட்டணம்: பொதுக் கழிவறைக்குச் சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

தேதி போடும் முன் பார்க்க வேண்டியது, வேலைநிறுத்தம். அரசின் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து 2025-ல் மட்டும் பெல்ஜியத்தில் பலமுறை நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. மார்ச் 31 அன்று சாவென்டெமிலிருந்து பயணிகளோடு ஒரு விமானமும் கிளம்பவில்லை. அங்கே தொழிற்சங்கங்கள் முன்கூட்டியே தேதி அறிவித்துத்தான் செய்கின்றன, தேடினால் கிடைக்கும். ஊர் திரும்பும் விமானத்தை அந்த நாளில் போட்டுவிட்டுத் தலையில் கைவைக்காதீர்கள். அதோடு, 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிகிற புதிய முறை வந்திருக்கிறது. வரிசை நீளும், அடுத்த ரயிலுக்கோ விமானத்துக்கோ நேரம் நெருக்கிப் போடாதீர்கள். 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கை இனி அதிகாரியின் கண் எண்ணாது, இயந்திரம் எண்ணும். விசா நேர்முகத் தேதியை 'வாங்கித் தருகிறேன்' என்று தனியாகப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

துப்பாக்கிச் செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். 2016 மார்ச் 22-ல் விமான நிலையத்திலும் மெட்ரோவிலும் குண்டு வெடித்தது உண்மை. 2025 பிப்ரவரியில் மிடிக்குப் பக்கத்து மெட்ரோ நிலையத்தில் போதைக் கும்பல் சுட்டதும் உண்மை. இரவு நேரத்தில் மிடியைச் சுற்றியுள்ள தெருக்களில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம் என்பதற்கு அது போதும். ஆனால் பயணியைத் தேடி வருவது துப்பாக்கி இல்லை, விரல்.

இப்போது அந்தப் போலீஸ் நிலையம். புகாரை எழுதிக்கொண்ட பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்: பையின் படம் ஏதாவது இருக்கிறதா? யார் பையைப் படம் எடுப்பார்கள்? அத்தான் கைபேசியைத் தடவிக்கொண்டே போனார். முந்தின நாள் அட்டோமியத்தை மட்டும் 43 படம் எடுத்திருக்கிறார். உருண்டை, உருண்டை, வானம், மறுபடி உருண்டை. ஒரு படத்தில் நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து அண்ணாந்து நிற்கிறோம். அதிகாரி அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்தார். கீழ் மூலையில், அக்காவின் காலுக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் அந்தப் பை. பழுப்பு நிறம், பித்தளை வளையம். ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து பாஸ்போர்ட்டின் நீல நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.